நிறை என்னும் சொல்
பொருளொன்றில் அடங்கிய சடப்பொருளின் அளவு திணிவு. அப்பொருளைப் புவி ஈர்க்கும் விசை நிறை. இஃது ஈழத்துப் பாடநூல் வழக்கு. தமிழ்நாட்டு நூல்களோ முன்னதை நிறை என்றும் பின்னதை எடை என்றும் வழங்கும். 6 கிலோகிராம் திணிவுடைய கல்லின் நிறை புவியில் ஏறத்தாழ 59 நியூற்றன். சந்திரனில் அதன் ஆறிலொரு பங்கே. ஆகவே, நிறை இடத்துக்கிடம் மாறும் என்பர் நம் ஆசிரியர். நிறை யாண்டும் மாறாது எனத் தமிழகத்து நூல் கூறும். இரண்டும் மெய்யே. ஆயினும், வெள்ளவத்தையிலிருந்து இரண்டையும் பயிலும் இளமாணவர் எதனைக் கொள்வர்? கொட்டாஞ்சேனைக் கடைக்காரரும் நிறையைக் கிலோகிராமிலேயே கூறுவர். வேரூன்றிய வழக்கை மாற்றுதல் எளிதன்று. எனினும், இருநாட்டுச் சொற்களையும் ஒப்பிடும் அட்டவணையொன்றைப் பாடநூலின் இறுதியிற் சேர்த்தல் அரிதன்று. அஃதின்மை பெருங்குறையே. சொன்மயக்கத்தால் பொருளறிவு குன்றுதல் தகாது.