பனிக்கு எடை உண்டு

பனி என்றால் நமக்கு மார்கழிப் பனிதான். புல் நுனியில் நிற்கும். வெயில் ஏறினால் போய்விடும். அதற்கு எடை உண்டென்று நாம் நினைத்ததே இல்லை. ஜப்பானின் கனஸாவா நகரத்துத் தோட்டக்காரருக்கோ பனி முதலில் ஒரு பாரம். குளிரும் அழகும் அதற்குப் பிறகுதான்.

சைபீரியாவிலிருந்து கிளம்பும் வறண்ட காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தைக் குடித்துக்கொள்கிறது. மலையில் முட்டியதும் அதை வெண்பனியாகக் கொட்டுகிறது. கனஸாவாவில் குளிர் அவ்வளவு கடுமை இல்லை. அதனால் விழுவது மாவு போன்ற உலர்பனி அல்ல, கையில் அள்ளிப் பிழிந்தால் சொட்டும் ஈரப்பனி. அது கன மீட்டருக்கு 200 கிலோகூட இருக்கும். ஒரு மீட்டர் நீள அகலமுள்ள புதரின்மேல் 30 சென்டிமீட்டர் தேங்கினால் 60 கிலோ. ஒரு ஆள் ஏறி உட்கார்ந்த கணக்கு.

இந்தப் பாரத்துக்கு அவர்கள் கண்ட பதில் யுகிட்சுரி. யுகி என்றால் பனி, ட்சுரி என்றால் தொங்கவிட்டுத் தாங்குவது. மயேடா பிரபுக்கள் வளர்த்து, 1874 முதல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட கென்ரோகுயென் தோட்டத்தில் ஆண்டுதோறும் நவம்பர் 1 அன்று இந்த வேலை தொடங்குகிறது. முதல் மரியாதை குளக்கரையில் நிற்கும் கராசாகிப் பைன் மரத்துக்கு. 13ஆம் பிரபு நாரியாசு, பிவா ஏரிக்கரையிலுள்ள கராசாகியிலிருந்து விதை தருவித்து வளர்த்த மரம் அது. ஐந்து கம்பங்களை நிறுத்தி, உச்சிகளிலிருந்து ஏறக்குறைய 800 வைக்கோற்புரிகளைக் குடைக்கம்பி போல இறக்கிக் கிளைகளைத் தாங்குகிறார்கள். காய்ப்பாரம் தாங்காத ஆப்பிள் கிளைகளுக்குக் கட்டிய முறை இது. இன்றும் பெயர் 'ஆப்பிள் கட்டு'தான். கேமராக்களெல்லாம் அந்த மரத்தின் பக்கமே திரும்புகின்றன.

எனக்குப் பிடித்தது கீழே, இடுப்பளவில் நடக்கும் வேலை.

அஸேலியாப் புதரை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வசந்தத்துக்கான மொட்டை அது கோடையிலேயே கட்டிவிடும். பூ முடிந்த கையோடு கத்தரித்துவிட வேண்டும் என்பது அதனால்தான். தாமதித்தால் மொட்டும் சேர்ந்து போகும். ஜனவரியில் ஒரு கொப்பு முறிந்தால் முறிவது வெறும் விறகல்ல, அந்த இடத்தின் மே மாதம். இதற்குச் செய்வது ஷிபோரிக் கட்டு. விரிந்த கூந்தலை அள்ளி முடிவதுபோல, கொப்புகளை அடியிலிருந்து சேர்த்து அணைத்து, புரியைச் சுற்றிக்கொண்டே மேலேறி உச்சியில் முடிச்சிடுகிறார்கள். கூம்பின்மேல் பனி தங்காது, சரிந்துவிடும். இறுக்கினால் கொப்பு ஒடியும், தளர்த்தினால் பனி உள்ளே புகும். எவ்வளவு இறுக்கம் என்பதைக் கைதான் சொல்ல வேண்டும். வைக்கோற்புரிக்குச் சொரசொரப்பு உண்டு; முடிச்சு வழுக்காது, பட்டையையும் அறுக்காது. கொஞ்சம் பெரிய புதரென்றால் மூங்கில்களைத் தலை சேர்த்து நிறுத்தி, அதிலிருந்து புரி இறக்குவார்கள்.

எல்லாச் செடிக்கும் கட்டு வேண்டியதில்லை. ஜப்பான் கடலோரத்துப் பனிமலைகளில் தானாக வளரும் யுகிட்சுபாக்கி என்ற பனிக் கமேலியாவின் கொப்புகள் நார்போல வளையும். பனி விழுந்தால் தரையோடு படுத்துக்கொள்ளும். மேலே காற்று எவ்வளவு குளிர்ந்தாலும் பனிப்போர்வைக்குள் சூடு பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். வசந்தத்தில் பனி உருகியதும் நிமிர்ந்து பூக்கும். நீகாட்டா மாகாணத்தின் அடையாள மரம் அதுதான். கடற்கரையில் பிறந்த அதன் உறவுக்காரக் கமேலியா விறைத்து நிற்கும் சாதி. அவ்வளவு பனிக்கு அது பழகியதில்லை. பனிநாட்டில் செடி வாங்குகிறவர் பூவின் நிறத்தைக் கேட்பதற்கு முன் கொப்பை வளைத்துப் பார்க்க வேண்டும்.

குளிர்நாடுகள் பலவற்றில் புதர்களுக்குச் சாக்குப் போர்த்திக் கட்டிவிடுவது வழக்கம். பலன் உண்டு, குறை சொல்வதற்கில்லை. ஆனால் நான்கு மாதம் தோட்டம் வீடு காலி செய்கிறவர்களின் மூட்டை முடிச்சுபோலக் கிடக்கும். கனஸாவாவின் புரிகள் செடியை மறைப்பதில்லை. எந்தக் கிளை கனம், எது வலுக்குறைவு, எது எந்தப் பக்கம் சாயும் என்பதையெல்லாம் கோடுபோட்டுக் காட்டுகின்றன. காவலே செடியின் சித்திரமாகிவிடுகிறது. தோக்கியோவின் உயேனோ தோஷோகு ஆலயத் தோட்டத்தில் குளிர்காலப் பியோனிகளுக்கு வைக்கிற வைக்கோல் குல்லாயும் இந்த ரகம்தான்: பனியைத் தடுக்கும், பூவைப் பார்க்க ஒரு பக்கம் திறந்திருக்கும்.

அதே தோக்கியோவில் பனி அபூர்வமாக விழும் பூங்காக்களிலும் அலங்காரத்துக்காக யுகிட்சுரி கட்டுகிறார்கள். அழகுதான். ஆனால் எனக்கு அது கொலுவில் வைத்த ஏர் மாதிரி. பாரம் ஏறக்கூடும் என்ற கவலையில் கட்டிய முடிச்சுக்கு உள்ள வீறு அதற்கு வராது.

கென்ரோகுயெனில் மார்ச் 15 முதல் கட்டுகளை அவிழ்க்கத் தொடங்குகிறார்கள். அங்கே போக வாய்த்தால் பனி மூடிய ஜனவரிக்காகக் காத்திருக்காதீர்கள், நவம்பரில் போங்கள். பனி இருக்காது, கட்டுகிற கைகள் இருக்கும். ஊரெல்லாம் அண்ணாந்து பைன் மரத்தைப் பார்க்கும்போது நீங்கள் குனிந்து அஸேலியாவைப் பாருங்கள்.