பிடித்தது என்று சொன்ன பிறகு

அண்மையில் படித்த புத்தகத்தைப் பற்றி மனத்தில் பட்டதைப் பட்டபடி எழுதுவதைத் தமிழில் ஓர் இலக்கியக் காரியமாக ஆக்கியவர் க.நா. சுப்ரமண்யம். 1957இல் வந்த அவருடைய 'படித்திருக்கிறீர்களா?' இன்றும் அந்த வழிக்கு முன்மாதிரி. கோட்பாடு கிடையாது, மேற்கோள் குவியல் கிடையாது. கதையைக் கொஞ்சம் சொல்வார், தனக்கு அது ஏன் முக்கியம் என்று இரண்டு வார்த்தை சொல்வார், அடுத்த நூலுக்கு நகர்ந்துவிடுவார்.

சென்னை–திருப்பதி சாலையில், திருவள்ளூரைத் தாண்டித் திருத்தணிக்கு முன்னால் இருக்கும் எங்கள் கனகம்மாசத்திரம் போன்ற ஊரில் இந்த முறையின் அருமை நன்றாகத் தெரியும். பல்கலைக்கழக ஆய்வேடு இங்கே வந்து சேராது. "இதைப் படி" என்று ஒருவர் நம்பிக்கையோடு சொல்லும் சொல் வந்து சேரும். ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் வந்த சிறிய நாவல். அது மறக்கப்படாமல் இருப்பதற்குக் க.நா.சு. விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது பெரிய காரணம். நீல. பத்மநாபனின் 'தலைமுறைகள்' நாவலைப் பாராட்டியதோடு நிற்காமல் ஆங்கிலத்திலும் பெயர்த்தார். விற்பனையும் புகழும் கல்கியின் பக்கம் நின்ற காலத்தில், தனியொருவரின் ரசனை எழுந்து வேறொரு வரிசையைக் காட்டியது. அந்தத் துணிச்சலுக்கு நான் தலைவணங்குகிறேன்.

இந்த முறையைக் கடுமையாக எதிர்த்தவர் யாழ்ப்பாணத்துத் திறனாய்வாளர் க. கைலாசபதி. 'திறனாய்வுப் பிரச்சினைகள்' நூலில் க.நா.சு.வையும் அவரைச் சார்ந்தவர்களையும் எடுத்துக்கொண்டு வாதாடினார். ரசனை வானத்திலிருந்து விழுவதில்லை, அதற்கும் வர்க்கம், சமூகம் என்று வேர் உண்டு என்பது மார்க்சியப் பார்வை. ஒப்புக்கொள்கிறேன். வேர் இருக்கிறது என்பதற்காக ரசனையையே தள்ளிவிட முடியாது.

என் மனக்குறை வேறு. க.நா.சு. தீர்ப்பைச் சொல்கிறார், நூலின் எந்த இடம் அதற்குச் சாட்சி என்று பெரும்பாலும் காட்டுவதில்லை. அவர் கண்ணை நம்புகிறவருக்கு அது போதும். நம்பாதவருக்கு வாதாடப் பிடிமானமே இல்லை. அவர் போட்ட பட்டியல்களைப் பின்னால் வந்தவர்கள் மனப்பாடம் செய்தார்கள், சண்டையும் போட்டார்கள். பட்டியலில் உள்ள நூலைத் திறந்து பார்த்தவர்கள் அவர்களில் சிலராகத்தான் இருப்பார்கள். 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழின் அலசல் முறை இதற்கு நேரான பதில். வரியைப் பிரித்துக் காட்டினால், ஒப்பாதவர்கூட எந்த வரியில் ஒப்பவில்லை என்று சொல்லலாம். அலசி அலசி நூலின் ஈரம் போய்விடுவதும் உண்டு.

தன் மனத்தில் பட்டபடி படித்தவர்களில் எங்கள் வட்டாரத்துக்கு நெருக்கமான வாசகர் ம.பொ. சிவஞானம். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு, அச்சுக்கோத்துப் பிழைத்தவர், சிறையில் சிலப்பதிகாரத்தில் ஆழ்ந்தார். தன் காலத்தின் தவிப்போடு அதைப் படித்தார். சோழ, பாண்டிய, சேர நாடுகள் மூன்றையும் கடந்து செல்லும் கண்ணகி கதையில் ஒரே தமிழகத்தைக் கண்டார். வேங்கடத்தைத் தமிழகத்தின் வட எல்லையாகச் சொல்லும் பழைய நூல்கள் அவருக்கு வெறும் ஏட்டுச் செய்தியாக இருக்கவில்லை. வடக்கெல்லைப் போராட்டத்தை முன்னின்று நடத்தினார். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஒரு மனிதர் ஒரு நூலைத் தன் நெஞ்சோடு வைத்துப் படித்ததன் வேகம் அந்தப் போராட்டத்தில் இருந்தது. ஆனால் எல்லைக்கும் ஒற்றுமைக்கும் சான்று தேடும் கண்ணுக்கு, சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் உள்ள இசை நுட்பமும் நாட்டிய நுட்பமும் இரண்டாம் இடத்துக்குப் போய்விடும். தனக்குத் தேவையானதை நூலில் காண்பது தன்னுணர்வு வாசிப்பின் பலம். தேவையானதை மட்டும் காண்பது அதன் ஊனம்.

ஆகவே, எங்கிருந்து படிக்கிறேன் என்பதையும் எழுத்தில் சொல்லிவிட வேண்டும் என்று கேட்கிறேன். உதாரணமாக, கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' நாவல் 1976இல் வந்தது. தெலுங்கு நாட்டிலிருந்து தப்பித் தெற்கே கரிசல் காட்டில் குடியேறியவர்களின் கதை. அதன் நாட்டார் கதைத்தன்மையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். திருத்தணிப் பக்கத்தில், வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழுமாக வளர்ந்த ஒருவர் அதே நாவலை எடுத்தால் அவருக்கு வேறு கேள்வி வரும். இடம்பெயர்ந்த கதையைச் சொல்லும் பாட்டி மங்கத்தாயாரு தன் வீட்டாரிடம் தெலுங்கில்தானே பேசியிருப்பாள்? அந்தப் பேச்சு முழுக்கக் கரிசல் தமிழாகி நம் காதில் விழும்போது எது கூடியது, எது போயிற்று? "பிடித்தது" என்ற ஒரு சொல்லில் இந்தக் கேள்வி அடங்காது. பாட்டி கதை சொல்லும் பக்கங்களைத் திறந்து, எந்த வாக்கியத்துக்கு அடியில் தெலுங்கு கேட்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டி எழுதினால், கரிசல் வாசகரும் அதோடு மோதிப் பார்க்கலாம்.