சுவரொட்டியில் நிறமும் தெளிவும்

பாஸ்காவுக்கும் தேர்ப்பவனிக்கும் பெயர்பெற்ற ஆவூர், வீரமாமுனிவர் பணியாற்றிய தலம் என்பதை வாசகர் அறிவர். ஓலைச்சுவடிகளில் புள்ளி விடுபட்டமையால் எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் மயங்கி நின்ற காலத்தில், அவற்றை வரிவடிவிலேயே வேறுபடுத்திக் காட்டியவர் அவர். படிப்போர் தடுமாறலாகாது என்னும் அந்த அக்கறையை அளவுகோலாகக் கொண்டு நம் திருவிழாச் சுவரொட்டிகளை நோக்கினால், மனநிறைவு கொள்ள இயலவில்லை.

வெண்தளத்தில் மஞ்சள் எழுத்து; அன்றேல் பச்சைத் தளத்தில் சிவப்பு எழுத்து. இவையே பெரிதும் காணும் குறைகள். முன்னது திருத்தந்தையின் கொடி நிறம் என்பதால் நமக்கு அதன்மேல் பற்று மிகுதி. 1929 முதல் வத்திக்கான் நாட்டுக் கொடியாக விளங்கும் அதில் மஞ்சளும் வெண்மையும் அகன்ற இரு பகுதிகளாக அருகருகே நிற்கின்றன. ஒன்றின்மேல் ஒன்று எழுத்தாக அமையவில்லை. பொன்மேல் வெள்ளியும், வெள்ளிமேல் பொன்னும் பொருந்தா என்பது ஐரோப்பியக் கேடயச் சின்னங்களின் பழைய விதி. திருத்தந்தையின் கொடி அதற்கு விலக்கு. விலக்கையே விதியாகக் கொண்டதுதான் சுவரொட்டிகளின் பிழை.

நிறம் வேறு, ஒளியளவு வேறு. எழுத்தைக் கண்ணுக்குத் துலக்குவது பெரும்பாலும் ஒளியளவின் வேறுபாடே. கணினித் திரைக்கென 2008-இல் வெளியான உலக நெறிமுறை, சிறிய எழுத்துக்கும் அதன் தளத்துக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்னும் விகிதம் வேண்டும் என்கிறது. அக்கணக்கில் வெண்மைமேல் கருமை 21. வெண்மைமேல் தூய மஞ்சளோ 1.1-ஐக்கூட எட்டுவதில்லை. தூய பச்சைமேல் தூய சிவப்பு 3-க்கும் குறைவு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத கண்ணுடையோர்க்கு அது மேலும் இடர்.

நிறங்களைத் துறக்க வேண்டுமென்பதன்று நம் கருத்து. திருப்பலி நூலைப் பாருங்கள். சொல்ல வேண்டியவை கருப்பிலும், செய்ய வேண்டியவை சிவப்பிலுமாக அச்சிடும் மரபு அதில் உண்டு. அங்கே நிறம் அழகுக்காக மட்டும் வரவில்லை. பொருளைப் பிரித்துக் காட்டுகிறது. மஞ்சளை நாம் விரும்பினால் அதனைத் தளமாக்கி, எழுத்தைக் கருமையிலோ அடர்நீலத்திலோ அமைக்கலாம். அச்சுக்கு அனுப்புமுன் கருப்பு வெள்ளையில் ஒரு படி எடுத்துப் பார்த்தால், மறையும் எழுத்து எதுவென்று உடனே புலப்படும்.

சுவரொட்டியின் முன் நின்று, திருப்பலி நேரத்தைப் படிக்க இயலாமல் ஒரு முதியவர் திரும்புவாராயின், அவ்வண்ணங்களால் விழாவுக்கு என்ன பயன்? அழைப்பு என்பது அழைக்கப்படுவோரைச் சென்றடைய வேண்டும்.