பூட்டிவைத்த அட்டைகள்

டேவிட் மேமட் தன் நாடகத்துக்குத் தானே திரைக்கதை எழுத, ஜேம்ஸ் ஃபோலி இயக்கி 1992இல் வெளிவந்த படம் ‘கிளென்கேரி கிளென் ராஸ்’. மனை விற்கும் அலுவலகம், கமிஷனை நம்பிப் பிழைக்கும் நான்கு ஆண்கள். விற்பனைப் போட்டியில் முதல் பரிசு கெடிலாக் கார், இரண்டாவது கத்தி செட், மூன்றாவது வேலைநீக்கம். திரையில் வரும் பெண், உணவகத்தில் கோட்டுகளை வாங்கி வைப்பவள் ஒருத்திதான்.

எனக்கோ இந்தப் படத்தில் பெண்கள் நிறைய இருப்பதாகவே படுகிறது, திரைக்கு வெளியே. லெவீனின் மகள் மருத்துவமனையில் கிடக்கிறாள். மேலாளரிடம் கெஞ்சும்போது அவளைத்தான் முன்னே வைக்கிறான். தொலைபேசியில் பெரிய ஆளாகத் தெரிய, கிரேஸ் என்ற இல்லாத செக்ரட்டரிக்கு உத்தரவு போடுகிறான். (சம்பளம் கேட்காத ஊழியை!) ஏமாந்து கையெழுத்திட்ட லிங்க்கைப் பணத்தைத் திரும்பக் கேட்க அனுப்புவது அவன் மனைவி.

அமெரிக்காவில் அலுவலகங்களையும் கடைகளையும் குத்தகைக்கு முடித்துத் தரும் புரோக்கர் தொழிலும் கமிஷனில்தான் ஓடுகிறது. ஒப்பந்தக் காலத்தின் மொத்த வாடகையில் ஒரு பங்கு. பெரும்பாலும் பாதி கையெழுத்தாகும்போது, மீதி குடியேறும்போது. ஒரு பேரம் முடிய ஒரு வருடம்கூட ஆகலாம். பலர் ஊழியர்கள் அல்லர், சுயதொழில் செய்பவர்கள். சம்பளத்தோடு பேறுகால விடுப்பு என்ற பேச்சே இல்லை. ‘நேரம் உங்கள் கையில்’ என்பதுதான் அங்கே வேலை-வாழ்க்கை சமநிலைக்குப் பெயர்.

வணிகக் கட்டடத் தொழிலில் உள்ள பெண்களின் அமைப்பான ‘கிரூ நெட்வொர்க்’ 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, நிலையான சம்பளத்தில் பெண்கள் ஆண்களைவிடச் சுமார் 10 விழுக்காடு குறைவாகப் பெறுகிறார்கள். கமிஷன், போனஸ் என்று வரும்போது இடைவெளி சுமார் 56 விழுக்காடு. உழைப்புக்கேற்ற கூலி என்று சொல்லப்படும் இடத்தில்தான் பள்ளம் ஆழம்.

2023இல் பொருளியல் நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் இத்தகையவற்றைப் ‘பேராசை வேலைகள்’ என்கிறார். கூப்பிட்ட நேரத்துக்கு வருபவருக்கு அளவை மீறிய கூலி. குழந்தை உள்ள வீட்டில் அவர் பெரும்பாலும் கணவராகிறார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேரத்தை மட்டும் அளந்தால் போதாது. படத்தில் நல்ல வாடிக்கையாளர்களின் விவர அட்டைகளை மேலாளர் பூட்டிவைத்திருக்கிறார். ஏற்கெனவே விற்றுக்காட்டியவனுக்கே அவை கிடைக்கும். பேறுகாலம் முடிந்து திரும்புகிறவள் எந்த அட்டையோடு தொடங்குவாள்? அவள் தொடங்கிவைத்த பேரத்தின் மறுபாதி யார் கணக்கில் ஏறும்?

மேமட்டுக்கு இந்தக் கேள்விகள் இல்லை. லெவீன் அந்த அட்டைகளைத் திருடி மாட்டிக்கொள்கிறான், நாமும் அவனுக்காக இரங்குகிறோம். மகள் என்ன ஆனாள் என்று சொல்லாமலே படம் முடிகிறது.