பேய் திருந்தவில்லை, அப்பாடா!

36 வருஷம் கழித்து ஒரு படத்துக்கு இரண்டாம் பாகம் வருகிறது என்றால் எனக்கு முதலில் வருவது பயம்தான். பழைய போக்கிரி இப்போது தாத்தாவாகியிருப்பான், பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு கண் கலங்குவான், பின்னணியில் வயலின் அழும். 'பீட்டில்ஜூஸ் பீட்டில்ஜூஸ்' படத்துக்கு டிக்கெட் எடுத்தபோதும் அந்தப் பயம் இருந்தது. மைக்கேல் கீட்டன் வந்து வாயைத் திறந்த கணமே அது ஓடிப்போனது. அதே அழுக்கு நகம், முகத்தில் அதே பாசி, அதே கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட கோட்டு, அதே கேடுகெட்ட புத்தி. ஒரு மயிரிழைகூடத் திருந்தவில்லை. நியூ ஜெர்சி தியேட்டரில் நான் அடித்த விசிலுக்கு முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டுமே.

முதல் படம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1988 மார்ச்சில் டிம் பர்ட்டன் இயக்கி வெளிவந்தது. கனெக்டிகட் மாநிலத்தில் விண்டர் ரிவர் என்றொரு கற்பனை ஊர். அங்கே ஓர் இளம் தம்பதி கார் பாலத்திலிருந்து விழுந்து செத்துப்போகிறார்கள். செத்த பிறகும் சொந்த வீட்டை விட்டுப் போக மனசில்லை. ஆனால் நியூயார்க்கிலிருந்து ஒரு குடும்பம் வந்து வீட்டை வாங்கி இடித்துக் கட்டி அட்டகாசம் செய்கிறது. பேய்களுக்கோ மனிதர்களைப் பயமுறுத்தத் தெரியவில்லை. நாம் பேயோட்ட ஆள் தேடுவோம் அல்லவா, இங்கே பேய்கள் மனிதர்களை ஓட்ட ஆள் தேடுகின்றன. அப்படிக் கிடைக்கிற ஆள்தான் பீட்டில்ஜூஸ். பெயரை மூன்று முறை சொன்னால் வந்து நிற்பான். நம் ஆர்த்ரா தரிசனத்துக்குரிய திருவாதிரை நட்சத்திரத்தின் ஆங்கிலப் பெயர்தான் அவனுக்கு! ஒன்றரைக் கோடி டாலரில் எடுத்த படம் ஒப்பனைக்காக ஆஸ்கர் வாங்கியது. 92 நிமிடப் படத்தில் கீட்டன் வருவது சுமார் 17 நிமிடம்தான். ஆனால் பார்த்தவர் யாரைக் கேட்டாலும் படம் முழுக்க அவன் இருந்ததாகத்தான் சொல்வார்கள். நான் முதன்முதலில் பார்த்தது மாமா வீட்டு வீடியோ கேசட்டில். பாதி ஆங்கிலம் புரியவில்லை. அந்தச் சாப்பாட்டு மேஜைக் காட்சி மட்டும் அப்படியே புரிந்தது. நாகரிகமான விருந்தாளிகள் எல்லாரும் ஹாரி பெலஃபான்டே குரலில் தங்களையறியாமல் பாடி ஆடத் தொடங்குவார்களே, அதற்கு எந்த மொழி வேண்டும்?

இரண்டாம் பாகம் வரப்போகிறது, வரப்போகிறது என்ற பேச்சு அப்போதே தொடங்கிவிட்டது. பீட்டில்ஜூஸை ஹவாய்த் தீவுக்கு அனுப்புவதாக ஒரு கதைகூட எழுதிவைத்தார்கள். நல்லவேளை, அவன் போகவில்லை. இடையில் கார்ட்டூன் தொடர் வந்தது, பிராட்வே மேடையில் இசை நாடகமாகவும் வந்தது. படம் மட்டும் வரவில்லை. 2019இல் 'டம்போ' எடுத்து முடித்த பிறகு தனக்குத் திரைப்படத் தொழில் மீதே சலிப்பு தட்டிவிட்டதாக பர்ட்டனே சொல்லியிருக்கிறார். பிறகு 'வெட்னஸ்டே' தொடர். அதை உருவாக்கிய ஆல்ஃபிரட் காஃபும் மைல்ஸ் மில்லரும்தான் இதற்குத் திரைக்கதை. அதில் நடித்த ஜென்னா ஒர்டேகா இங்கே கதாநாயகியின் மகள். 2024 ஆகஸ்ட் 28 அன்று வெனிஸ் திரைப்பட விழாவின் தொடக்கப் படமாகத் திரையிட்டு, செப்டம்பர் 6 அன்று தியேட்டர்களுக்கு விட்டார்கள்.

என் மகள் வந்தது ஜென்னாவுக்காக மட்டும். "அம்மா, அந்தப் பழைய படத்தைப் பார்க்காமல் போனால் புரியுமா?" என்றாள். "புரியும் வா" என்று இழுத்துக்கொண்டு போனேன். கூட வந்த என் அலுவலகத் தோழி, எந்தப் படம் பார்த்தாலும் வெளியே வந்ததும் 'திரைக்கதையில் ஓட்டை' என்பவள். ஆக என் இரண்டு பக்கமும் எதிர்க்கட்சி. தியேட்டரிலோ கோடு போட்ட கோட்டும் பச்சைத் தலைமுடியுமாகப் பலர் வந்திருந்தார்கள். ஒரு பாட்டியம்மா சிவப்புக் கல்யாண கவுனில் வந்திருந்தார். முதல் படத்தில் வீட்டை வாங்கிய குடும்பத்தின் மகள் லிடியாவுக்கு பீட்டில்ஜூஸ் போட்டுவிட்ட அதே சிவப்பு. தலைவர் பட முதல் காட்சிக் கூட்டத்துக்குக் கொஞ்சமும் குறையாத கூட்டம்.

முதல் படத்தில் கறுப்பு உடையும் முறைப்புமாக வந்த பதின்ம வயது லிடியாதான் வினோனா ரைடர். இப்போது லிடியா டிவியில் பேய் வீடுகளைக் காட்டும் பிரபல மீடியம். ஆனால் அவள் மகள் ஆஸ்ட்ரிட் பேயையும் நம்புவதில்லை, அம்மாவையும் நம்புவதில்லை. லிடியாவின் அப்பா சார்ல்ஸ் இறந்துபோக, காரியத்துக்காக எல்லாரும் விண்டர் ரிவர் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். சாவைக்கூட எப்படிக் காட்டியிருக்கிறார்கள் தெரியுமா? களிமண் பொம்மை அனிமேஷனில்! பறவை பார்க்கப் போன மனிதர், விமானம் கடலில் விழுகிறது, பிழைத்துவிடுகிறார், 'அப்பாடா' என்பதற்குள் சுறா வந்து மேல்பாதியைக் கடித்துக்கொண்டு போகிறது. முதல் பாகத்தில் அந்த வேடத்தில் நடித்தவர் இந்தப் படத்தில் இல்லை. அந்த இல்லாமையை இவர்கள் எப்படிச் சமாளித்திருக்கிறார்கள் பாருங்கள்: மறுவுலகத்தில் சார்ல்ஸ் தலையும் தோளும் இல்லாமல், ரத்தம் பீய்ச்சியபடி, குழறிக் குழறிப் பேசிக்கொண்டு நடமாடுகிறார். தியேட்டர் உருண்டு சிரித்தது.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது கைவேலை. பர்ட்டனும் கீட்டனும் இந்தப் படத்தை எடுப்பதானால் பழைய முறையிலேயே, பொம்மையும் ரப்பரும் கம்பியுமாக, கண் முன்னால் நடக்கிறபடி எடுப்பது என்று பேசிவைத்துக்கொண்டு எடுத்திருக்கிறார்கள். அது திரையில் தெரிகிறது. மண்டை சுண்டிப்போன குட்டித் தலையோடு, பெரிய கோட்டுக்குள் தள்ளாடும் பாப் என்கிற உதவியாளனைப் பாருங்கள். ஒரு வசனம் கிடையாது. முழித்துக்கொண்டே நிற்கிறான். அவனுக்கு ஒரு கெடுதி வரும்போது என் மகள் "ஐயோ, பாப்!" என்று வாய்விட்டுக் கத்தினாள். கணினியில் வரைந்த பூதங்கள் ஆயிரம் செத்தபோது எங்கள் வீட்டில் யாரும் இப்படிக் கத்தியதில்லை.

நடுவில் எனக்கு ஒரு பகீர் வந்தது. பீட்டில்ஜூஸுக்கு ஒரு முன்கதை வைத்திருக்கிறார்கள். போச்சு, பிளாஷ்பேக் என்று நினைத்தேன். நம்மூர்ப் பேய்ப் படங்களில் பேய்க்கு ஒரு நியாயம் இருந்தாக வேண்டும். 'காஞ்சனா' வரட்டும், 'அரண்மனை' வரட்டும், சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சோகக் கதை வந்து, பேய் பாவம் என்று நம்மைக் கைக்குட்டை எடுக்க வைப்பார்கள். அதிலும் எனக்குக் குறையில்லை, 'காஞ்சனா'வில் சரத்குமாருக்கு நானும் அழுதவள்தான். ஆனால் பீட்டில்ஜூஸ் அழவைத்தால் தாங்காது. பர்ட்டன் என்ன செய்திருக்கிறார்? படம் திடீரென்று கறுப்பு வெள்ளைக்கு மாறுகிறது. கதை சொல்லும் குரல் இத்தாலிய மொழிக்கு மாறுகிறது! பிளேக் நோய்க் காலம், பிணங்களிடம் திருடுகிற பீட்டில்ஜூஸ், ஆத்மாக்களை உறிஞ்சும் டெலோரஸ் மீது காதல், முதலிரவில் விஷம், பதிலுக்குக் கோடாலி. பழைய இத்தாலியப் பேய்ப் படங்களுக்கு வணக்கம் வைத்தது போலவும் ஆயிற்று, சோக பிளாஷ்பேக்கைக் கிண்டலடித்தது போலவும் ஆயிற்று. இவனுக்கு எந்த நியாயமும் கிடையாது, பிறவிப் போக்கிரி, போய்க்கொண்டே இருங்கள் என்று சொல்லிவிட்டார்.

வெளியே வந்து காபிக் கடையில் உட்கார்ந்ததும் தோழி ஆரம்பித்தாள். "மோனிகா பெலூச்சி மாதிரி ஒரு நடிகையைக் கூட்டிவந்து இப்படியா வீணடிப்பார்கள்?" பல பேருடைய குறையும் இதுதான் என்று பின்னால் தெரிந்தது. ஒப்புக்கொள்கிறேன், டெலோரஸ் படம் முழுக்க நடந்துகொண்டே இருக்கிறாளே தவிர, கதைக்கு வந்து சேர்வதற்குள் படம் முடிந்துவிடுகிறது. ஆனால் அவள் வருகிற விதம்! தனித்தனிப் பெட்டிகளில் கிடக்கும் உடல் துண்டுகள் ஒன்றையொன்று தேடி வந்து, கையிலிருக்கும் ஸ்டேப்ளரால் தன்னைத் தானே தைத்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள், பின்னணியில் பீ ஜீஸ் பாட்டு. அந்தச் சில நிமிடங்களுக்கே என் டிக்கெட் காசு செரித்துவிட்டது.

"கிளைக்கதை எத்தனை! அம்மா கதை, மகள் காதல், மறுவுலக போலீஸ், பழைய பெண்டாட்டி, போலிக் காதலன். எதை ஒழுங்காக முடித்தார்கள்?" என்றாள் அடுத்து. நாலு படத்துக்கான கதையை 104 நிமிடத்தில் திணித்திருப்பது உண்மைதான். எனக்கு அது கல்யாண வீட்டு இலை மாதிரி இருந்தது, எல்லாவற்றையும் முடிக்க முடியாது, அதற்காக எதை வேண்டாம் என்பது? வில்லெம் டஃபோ உயிரோடிருந்தபோது சண்டைப் பட நடிகர், செத்தபின் அந்த மிதப்பிலேயே மறுவுலக போலீஸ் அதிகாரி. பாதி மண்டை திறந்து மூளை தெரிய அவர் கொடுக்கும் பில்டப்பை வெட்டச் சொல்கிறாளா இவள்? முதல் படத்தின் அந்தத் தம்பதியை மட்டும் ஒரே வசனத்தில் கழற்றிவிட்டது எனக்கும் உறுத்தியது. ஜீனா டேவிஸையும் அலெக் பால்ட்வினையும் ஒரு தடவையாவது பார்த்திருக்கலாம்.

என் மகளின் கட்சி வேறு. அவளுக்கு அம்மா மகள் சண்டைதான் படமே. "எல்லார் அப்பாவின் ஆவியையும் பேச வைக்கிறாள், என் அப்பாவோடு மட்டும் பேச முடியவில்லையாம்" என்கிற ஆஸ்ட்ரிட்டின் கோபத்தில் என்ன தப்பு என்று என்னிடம் வாதாடினாள். நான் லிடியா பக்கம் நின்றேன். காபி ஆறிப்போனது.

மூவரும் ஒரே குரலில் பேசியது தேவாலயக் கல்யாணக் காட்சியைப் பற்றி மட்டும்தான். ரிச்சர்ட் ஹாரிஸ் 1968இல் பாடிய 'மெக்கார்தர் பார்க்' என்ற பாட்டு ஏழு நிமிடத்துக்கு மேல் நீளும். அழுவதா சிரிப்பதா என்று தெரியாத பாட்டு. அதை பீட்டில்ஜூஸ் எல்லார் வாயிலும் ஏற்றிவிடுகிறான். நின்றவர்கள் நின்றபடி வாயசைக்க, பச்சைக் கேக் உருகி வழிய, சுற்றிச் சுற்றி ஆட்டம். முதல் படத்தின் சாப்பாட்டு மேஜைக் காட்சிக்கு இது தம்பி. இழுவை என்று சிலர் சொன்னார்கள். அந்த இழுவைதானே நகைச்சுவை! எப்போது நிறுத்துவான் என்று நாம் நெளிய நெளிய அவன் இன்னொரு சரணம் பாடுகிறான். அதற்கு முன்பே செல்போனும் கையுமாக வந்த பிரபலங்கள் ஒவ்வொருவரையும் அவரவர் போனே உறிஞ்சிக்கொள்வதையும் பார்த்துவிட்டால், இந்த வருஷத்துக்குப் போதும்.

கேத்தரின் ஓஹாராவைச் சொல்லாமல் விட்டால் பாவம் பிடிக்கும். லிடியாவின் சித்தி டெலியா, தன் துக்கத்தையும் ஒரு கலைக் கண்காட்சியாக்கப் பார்க்கும் பெண்மணி. புருஷன் செத்த சோகத்தைக் கூட மூக்கை நிமிர்த்திக்கொண்டு அனுபவிக்கிறாள். கீட்டனுக்கு அடுத்து அதிகச் சிரிப்பு அவருக்குத்தான். முதல் படத்தின் அரங்க அமைப்பாளர் போ வெல்ச்சைப் படப்பிடிப்பில் சந்தித்துத்தான் பிறகு கல்யாணம் செய்துகொண்டார். பேய்ப் படம் பார்த்துப் பிரிந்தவர்கள் இருக்கலாம், எடுத்துச் சேர்ந்தவர்கள் இவர்கள்.

சுமார் 10 கோடி டாலர் செலவு, உலகம் முழுக்க 45 கோடி டாலருக்கு மேல் வசூல். ஆக, மூன்றாவது முறையும் அவன் பெயரைச் சொல்லத் தயாரிப்பாளர்களுக்கு நாக்கு அரிக்காமல் இருக்குமா? மறுபடியும் இத்தனை வருஷம் ஆனால் தனக்கு நூறு வயது தாண்டிவிடும் என்று பர்ட்டன் கணக்குச் சொல்லிச் சிரிக்கிறார்.

பார்க்காதவர்கள் முதல் படத்தைப் பார்த்துவிட்டு அதே சூட்டோடு இதைப் போடுங்கள். இரண்டும் சேர்ந்தே நம் பழைய தமிழ்ப் படம் ஒன்றின் நீளத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. ஒன்றே ஒன்று, கையில் சோற்றுத் தட்டு வேண்டாம். சார்ல்ஸ் எந்தப் பக்கத்திலிருந்து வருவார் என்று சொல்ல முடியாது.