ஆக்னஸ் தேய்: இரங்கலா, வேண்டுதலா?

அமெரிக்க இசையமைப்பாளர் சாமுவேல் பார்பர் (1910–1981) 1936-இல் ஒரு கம்பி வாத்திய நால்வர் இசையை எழுதினார். அதன் மெதுவான பகுதியைப் பின்னர் கம்பி வாத்தியக் குழுவுக்கு ஏற்ப விரித்தெழுதினார். அதுவே 'அடாஜியோ ஃபார் ஸ்டிரிங்ஸ்'. 1938 நவம்பர் 5 அன்று தோஸ்கனினி அதை வானொலியில் நடத்தினார். 1967-இல் பார்பரே அந்த இசையை எட்டுக் குரல்களுக்கு மாற்றி, 'ஆக்னஸ் தேய்' (இறைவனின் செம்மறி) என்னும் லத்தீன் வழிபாட்டுச் சொற்களை அதில் பொருத்தினார்.

கேட்போரின் எதிர்வினை

இந்தப் பாடலைக் கேட்பவர்களில் பலரும் முதலில் சொல்வது 'சாவு வீட்டு இசை' என்பதே. அதற்குக் காரணம் உண்டு. 1945-இல் அதிபர் ரூஸ்வெல்ட் இறந்தபோது வானொலியில் ஒலித்தது அடாஜியோ. 1986-இல் 'பிளட்டூன்' என்ற போர்த் திரைப்படத்திலும் இடம்பெற்றது. 2004-இல் பிபிசி வானொலி நேயர்கள் மிகச் சோகமான செவ்வியல் படைப்பாக அதையே தேர்ந்தெடுத்தனர். அந்த நினைவுகளோடுதான் பலர் பாடகர் குழு வடிவத்தையும் கேட்கிறார்கள்.

சொற்கள் சொல்வது

ஆனால் இந்தச் சொற்கள் இரங்கற்பா அல்ல. கத்தோலிக்கத் திருப்பலியில், நற்கருணைக்குச் சற்று முன் பாடப்படும் வழக்கமான மன்றாட்டு இது. பழைய இறந்தோர் திருப்பலியில் இதற்கு வேறு வடிவம் உண்டு. அதில் 'அவர்களுக்கு' இளைப்பாற்றி வேண்டப்படும். பார்பர் எடுத்துக்கொண்டது வழக்கமான வடிவத்தை. அதில் 'எங்கள் மீது' இரக்கமும் 'எங்களுக்கு' அமைதியும் கேட்கப்படுகின்றன. கேட்பவர்கள் உயிரோடிருப்பவர்கள். இந்த ஒரு வேறுபாட்டை அறிந்து கேட்டால் பாடலின் முகமே மாறிவிடுகிறது.

குரலால் வரும் மாற்றம்

சொற்கள் பின்னர் ஒட்டவைக்கப்பட்டவை என்ற குறை முற்றிலும் தவறன்று. ஓர் அசை பல சுரங்களில் நீள்வதால் சொற்கள் தெளிவாகக் கேட்பதில்லை. எனினும் மெட்டு பெரும்பாலும் அடுத்தடுத்த சுரங்களிலேயே நகர்வதால், பழைய தேவாலயப் பாடல்களின் சாயல் அதில் இயல்பாகவே இருக்கிறது. வில்லுக்கு மூச்சு வாங்காது, பாடகருக்கு வாங்கும். உச்சத்தில் மேல் குரல்கள் படும் சிரமம் காதுக்கு எட்டுகிறது. அதற்குப் பின் வரும் மௌனம், கேட்டவர் பதிலுக்குக் காத்திருப்பது போலிருக்கிறது.

முடிவும் கவனிக்கத்தக்கது. இசை ஆதார சுருதியில் வந்து அமர்வதில்லை. நம் வழக்கில் சொன்னால், சட்சத்துக்குத் திரும்பாமல் பஞ்சமத்தில் நின்றுவிடுகிறது. வாத்திய வடிவத்தில் இது தீராத துயரமாகத் தோன்றும். அமைதியை வேண்டும் சொற்களோடு கேட்கும்போது, அந்த அமைதி இன்னும் கிடைக்கவில்லை என்று பொருள்படுகிறது.

மதிப்பீடு

ஒலியின் திண்மையில் வாத்திய வடிவமே மேலானது. பொருளில் பாடகர் குழு வடிவம் ஒரு படி முன்னே செல்கிறது. மாணவர்கள் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பது நல்லது. இரண்டாவதைக் கேட்கும்போது சொற்களின் பொருளையும் எதிரே வைத்துக்கொள்ள வேண்டும்.