கேள்வி குழந்தையிடம்

"இவனுக்கு நல்ல புத்தகமா ஒண்ணு குடுங்க மேடம்." குழந்தைகள் பிரிவில் பெற்றோர் இப்படிக் கேட்டால், கைதேர்ந்த நூலகர் உடனே அலமாரிக்குப் போகமாட்டார். பையன் பக்கம் குனிவார். "கடைசியா படிச்சதுல எதுப்பா பிடிச்சுது?" அவன் அம்மாவைப் பார்ப்பான். அம்மா வாயெடுப்பார். நூலகர் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பில்தான் தொழில் தெரிகிறது.

பதில் சாகசமும் மாயாஜாலமும் என்றால் வாண்டுமாமாவின் கதைகள். பாடிக்கொண்டே திரியும் வாண்டுக்கு அழ.வள்ளியப்பாவின் பாடல்கள். பள்ளிக்கூடம் என்றாலே முகம் சுளிக்கிறவளுக்கு, ரயில் பெட்டிகளையே வகுப்பறையாக்கிய பள்ளியில் படித்த ஜப்பானியச் சிறுமி 'டோட்டோ-சான்'. எடுத்ததும் கையில் திணிப்பதில்லை. நடுவே ஒரு பக்கத்தைத் திறந்து படிக்கச் சொல்வார். ஒரே பக்கத்தில் ஐந்து சொற்கள் இடறினால், அதை வைத்துவிட்டு அடுத்தது. படம் நிறைந்த புத்தகத்தைப் பெற்றோர் ஒதுக்கினால், "அதையும் எடுத்துட்டுப் போகட்டுமே" என்பார். எனக்கு மிகவும் பிடித்த சிபாரிசு அதுதான்.

ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பதை 1931-லேயே நூலக விதியாக எழுதியவர், சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். கணினிப் பட்டியல் தலைப்பைத் தேடித் தரும். அந்தப் பிள்ளையின் முகத்தைப் படிக்க ஆள் வேண்டும்.

அடுத்தமுறை நூலகம் போகும்போது நீங்களே தேர்ந்தெடுத்துக் கொடுக்காதீர்கள். நூலகரிடம் கேளுங்கள், அவர் கேட்பதற்குப் பிள்ளையே பதில் சொல்லட்டும்.